காற்றைப் பிழிந்து குடிநீர்: ஓர் ஏசி மெக்கானிக்கின் மதிப்பீடு

தண்ணீர் வருகிறது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். குழாய் இணைப்பு கிடையாது, கேன் கிடையாது, லாரிக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கிடையாது. பிளக்கைச் செருகி இரவு முழுவதும் ஓடவிட்டால் காலையில் தொட்டியில் குடிக்கத் தகுந்த தண்ணீர் நிற்கிறது. மந்தைவெளியில் என் வீட்டுக் கூடத்தில் கத்திரி வெயிலில் வந்து இறங்கிய, காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கும் இந்த இயந்திரம், ஐப்பசி மழை பிடிக்கும்வரை ஓடியது. வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் எந்த இடத்தில் செலவாகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்து சில ஆண்டுகளே ஆன பிள்ளைகள் முதலீடு திரட்டித் தொடங்கியிருக்கிறார்கள். மேலும், இந்த வகை இயந்திரத்தை யார் செய்து விற்றாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: கம்ப்ரஸர், கண்டென்சர், காற்றின் ஈரம் சொட்டுச் சொட்டாகப் படியும் கூலிங் காயில், ஒரு ஃபேன், தண்ணீர் விழும் தட்டு, தொட்டி, வரிசையாக நாலைந்து பில்டர், ஒரு புறஊதா விளக்கு. ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்த்தே பிழைப்பை ஓட்டியவன் நான். “காற்றிலிருந்து தண்ணீர்” என்று விளம்பரத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாழ்நாளெல்லாம் அதே தண்ணீரை டிரெயின் குழாய் வழியாக எத்தனை பேர் வீட்டுப் பின்சந்தில் விட்டிருப்பேன்!

அதற்காக ஏளனமும் செய்ய முடியாது. வில்லிஸ் கேரியர் 1902இல் ஏசியின் முன்னோடியை வடிவமைத்ததே யாருக்கும் குளிர்ச்சி தருவதற்காக அல்ல. நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்ததால் ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. ஈரத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. குளிர்ச்சி உடன் வந்த லாபம். இந்தப் பிள்ளைகள் மறுபடி கேரியரின் முதல் வேலைக்கே திரும்பியிருக்கிறார்கள். தண்ணீரை வைத்துக்கொண்டு குளிர்ச்சியைத் தள்ளிவிடுகிறார்கள்.

விலை 60,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். நான் வாடகைக்கு எடுத்தேன். இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், சக்கரம் உண்டு, முன்பக்கம் கண்ணாடி. கூடத்தில் வைத்தால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. சத்தம் பழைய ஃபிரிட்ஜை விட அதிகம், ஜன்னல் ஏசியை விடக் குறைவு. படுக்கையறையில் வைக்காதீர்கள்.

பில்டர் மாற்ற வந்த தம்பியிடம் பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். தயங்கினார். “நானும் இந்த வேலைதான் தம்பி” என்றதும் சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டார். உள்வேலை சுத்தம். குழாய்களைச் சூடாக்கி ஒட்டிய பிரேசிங் இடங்கள் ஒழுங்காக இருந்தன, குழாய்கள் ஒன்றோடொன்று உரசவில்லை, காயிலின் மேல் பூச்சு அடித்திருந்தார்கள். குடிக்கும் தண்ணீர் அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாகத் தொடக்கூடாது அல்லவா, அதற்காக. ஆனால் நான் கேட்டது வேறு. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்ப் பக்கம் வேலை செய்த எந்த மெக்கானிக்கும் இதைத்தான் கேட்பான்: கடற்காற்றின் உப்புக்கு இந்தக் காயில் எத்தனை வருடம் தாங்கும்? அந்தப் பக்கத்து வீடுகளில் ஃபின்கள், அதாவது காயிலின் மெல்லிய தகடுகள், வெள்ளை பூத்து, விரல் பட்டாலே பொடியாக உதிர்வதைப் பார்த்துப் பழகிய கண் இது. காயிலுக்கு உத்தரவாதம் ஓராண்டுதான் என்றார். கேஸ் லீக் ஆனால்? காயிலையே மாற்ற வேண்டுமாம், செலவு நம்முடையதாம்.

அடுத்து, பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய வெள்ளி நிறச் சீட்டு. அதை யாரும் படிப்பதில்லை. “ஒரு நாளைக்கு 20 லிட்டர்” என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பது 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த கணக்கு என்று அந்தச் சீட்டில் இருக்கிறது. சென்னையில் அப்படி நாட்கள் உண்டு, ஆனால் நாள் முழுவதும் அப்படியே இருப்பதில்லை. என் வீட்டில் சாதாரணமாக 14, 15 லிட்டர் வந்தது. மழைக்கு முந்திய புழுக்கமான இரவுகளில் 18 வரை ஏறியது. மே மாத இறுதியில் மேல்காற்று அடித்து, பிற்பகல் ஆகியும் கடற்காற்று எட்டிப் பார்க்காத நாட்களில் 10 லிட்டருக்கே மூச்சு வாங்கியது. தாகம் அதிகமாக எடுக்கும் நாளில்தான் தண்ணீர் குறைவாக வரும் என்பதை விளம்பரத்தில் எதிர்பார்க்க முடியாதுதான்.

எங்கே வைப்பது என்பதை வாடிக்கையாளருக்கு யாரும் சரியாக விளக்குவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் அதில் உள்ள காற்று 34 கன மீட்டர். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டருக்கு 21 கிராம் நீராவி. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த அறைக் காற்றைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாலும் 700 மில்லிதான் தேறும். காயில் பாதியைத்தான் பிடிக்கும், மீதி தப்பிவிடும். 15 லிட்டர் வேண்டுமென்றால் அப்படி நாற்பது அறைக் காற்றாவது உள்ளே வந்து போக வேண்டும். ஆகவே ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். திறந்தால் கொசு, தூசி. முன் பில்டரை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் தண்ணீர் குறைவது கண்ணுக்கே தெரியும்.

ஏசி ஓடும் அறையில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஈரத்திலிருந்து பிரித்தெடுத்த சூட்டையும் கம்ப்ரஸரின் சூட்டையும் சேர்த்து இந்தப் பெட்டி அறைக்குள்ளேயே விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 750 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை நாளெல்லாம் சூடாக வைத்திருப்பதற்குச் சமம். அந்தச் சூட்டை ஏசி இழுத்து வெளியே தள்ள வேண்டும், அதற்கும் காசு நம்முடையது.

இனி தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் கருவியை வைத்துப் பார்த்தால் காயிலிலிருந்து நேராக விழுவது பத்துக்குப் பக்கம் நிற்கிறது. கனிமங்கள் சேர்க்கும் பில்டரைத் தாண்டி வந்ததும் ஐம்பதைத் தொடுகிறது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் அதே கருவி ஆயிரத்தைத் தாண்டும். குடிக்கும்போது சப்பென்று இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சமையலறையில் இதற்குக் கிடைத்த மரியாதை தனி. துவரம்பருப்பு கரைந்து வெந்தது. காபி டிகாக்‌ஷன் திடமாக, கசப்பில்லாமல் இறங்கியது. என் மனைவி இந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அந்த டிகாக்‌ஷனுக்காகத்தான். மின்கட்டணம் வந்த பிறகு அதையும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வாசனை இன்னொரு விஷயம். சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை இரவில் பிடித்த தண்ணீரில் சாம்பிராணி மணம் இருந்தது. பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தால் அதுவும். குளிர்ந்த காயிலில் ஈரம் மட்டும் படிவதில்லை. காற்றில் எது கரைந்து மிதக்கிறதோ அதில் ஒரு பங்கும் சேர்ந்து படியும். கார்பன் பில்டர் புதிதாக இருக்கும்வரை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது, நாள்பட்டால் விட்டுவிடுகிறது. போகிப் புகைக்கு முன்பே இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

மின்சாரத்துக்கு வருகிறேன். தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டித்தான் ஓட்டினேன், தொழில் புத்தி போகாது. ஒரு நாளைக்கு 8 யூனிட். 15 லிட்டருக்கு 8 யூனிட் என்றால் லிட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 8 யூனிட்டை 60 நாளால் பெருக்கினால் 480. நான் ஓட்டியபோது முதல் 100 யூனிட் இலவசம், 500க்குள் இருந்தால் ஒரு கட்டணம், 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியிலிருந்தே வேறு கட்டணம் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. 500க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் 9 ரூபாய்க்கு மேல் என்று ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் வழக்கமாக 420 யூனிட், 1,300 ரூபாய் அளவில் வரும். இயந்திரம் ஓடியபோது 900 யூனிட்டாகி, கட்டணம் 6,000 ரூபாயை நெருங்கியது.

கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கிடைத்த தண்ணீரால் வகுத்தால் லிட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல். வாடகையும் பில்டரும் இதில் சேரவில்லை. எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் 40 ரூபாய்க்கு மாடி ஏறி வருகிறது, லிட்டர் 2 ரூபாய். இலவச மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் வேறு கணக்குச் சொல்லலாம். சொல்லட்டும், அந்தச் சூரிய யூனிட்டை வீட்டில் வேறு எதற்குச் செலவழித்தாலும் லாபம் அதிகம்.

அடுத்த மாடலில் மின்சாரம் பாதியாகக் குறையும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். கொஞ்சம் குறையும். ஆனால் ஓர் எல்லை இருக்கிறது, அதை எந்த முதலீட்டாளரும் காசு கொடுத்து நகர்த்த முடியாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான நீராவி தண்ணீராக மாறும்போது அதிலிருந்து ஏறக்குறைய 0.68 யூனிட் அளவு சூட்டை வெளியே எடுத்தாக வேண்டும். நல்ல கம்ப்ரஸர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூட்டை நகர்த்தும். கூடவே வரும் காற்றையும் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் கூடிவந்தால் லிட்டருக்கு 0.3 யூனிட் பக்கம் வந்து நிற்கலாம். அதற்குக் கீழே இந்த முறையில் கதவு மிகவும் குறுகல்.

இதே சென்னையில் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024இல் திறந்தார்கள். அந்த முறையில் கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ள ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் ஆகும். என் கூடத்துப் பெட்டி ஆயிரம் லிட்டருக்கு 530 யூனிட் கேட்கிறது.

பிறகு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், 2019. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த நாட்களிலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஏரியில் இல்லாத தண்ணீர் காற்றில் இருந்தது. அதைப் பார்த்த எவனுக்கும் இந்த யோசனை வரும், வர வேண்டும். ஆனால் அந்த ஒரு ரயில் தண்ணீரை இந்தப் பெட்டிகளால் எடுத்திருந்தால் 13 லட்சம் யூனிட் ஆகியிருக்கும். கடலிலிருந்து எடுத்திருந்தால் பத்தாயிரம் யூனிட் போதும்.

பைத்தியக்காரத்தனமான யோசனைகள் எனக்குப் பிடிக்கும். மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மதராஸில் விற்பது என்று ஃபிரெடெரிக் டியூடர் கிளம்பியபோது சிரிக்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். இடையில் கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தவர். 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி சேர்த்தார், 1842இல் இங்கே கிடங்கு எழுந்தது. அவர் பிழைத்த சூட்சுமம் என் போன்றவனுக்குச் சட்டென்று புரியும். ஏரிப் பனிக்கு விலை கிடையாது. அதைப் பொதிந்த மரத்தூள் அறுப்பாலைகள் குப்பையில் தள்ளியது. இந்தியாவுக்குப் போதிய சரக்கில்லாமல் பாரத்துக்குக் கல்லை ஏற்றிவந்த கப்பல்களில் இடம் மலிவு. பனிக்கட்டியை இயந்திரமே செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது.

இன்னொரு பக்கம் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலையும் பெரிது. 2025இல் வேதியியல் நோபல் பரிசை சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன் இருவரோடு பகிர்ந்துகொண்ட ஒமர் யாகி, நுண்துளைகள் நிறைந்த உலோக-கரிமச் சட்டகங்களைக் கொண்டு பாலைவனக் காற்றில் இரவில் ஈரத்தைப் பிடித்து, பகல் வெயிலில் விடுவித்துக் காட்டியவர். வறண்ட காற்றில் கம்ப்ரஸர் தோற்றுப்போகும், அங்கே அந்தப் பொருளுக்குப் பணம் போடுவது நியாயம். மந்தைவெளிக்கு அது தேவையில்லை. இங்கே ஈரம் வலிய வந்து காயிலில் விழுகிறது.

நிஜமாகவே விழுந்துகொண்டிருக்கிறது. எனக்கு யாராவது முதலீடு கொடுத்தால் நான் செய்வது இதைத்தான். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள், இருபது ஏசிகளுக்குக் குறையாது. புழுக்கமான காலத்தில் ஒன்றரை டன் ஏசி ஓர் இரவு ஓடினால் டிரெயின் குழாயில் எட்டு லிட்டராவது கிடைக்கும். இருபதுக்கும் சேர்த்தால் 160 லிட்டர். குளிக்கவும் துவைக்கவும் என்று பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் அரசு வைத்திருக்கும் அளவு. ஆனால் குடிக்க மட்டும் என்றால் எட்டு கேன். பன்னிரண்டு வீட்டுக்கும் தாராளம். அதற்கான மின்சாரத்தை நாங்கள் தூங்குவதற்காக ஏற்கெனவே கட்டிவிட்டோம். மார்கழி, தை மாதங்களில் ஏசி ஓடாது, அப்போது கேன் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியே பிடித்துக் குடித்துவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். வீட்டு ஏசியின் காயிலும் தட்டும் எந்த நிலையில் இருக்கும் என்பது சர்வீஸ் செய்தவனுக்குத்தான் தெரியும். கொழகொழவென்று படிந்த பாசி, பூஞ்சை, செம்பு, அலுமினியத் துகள், சில வீடுகளில் பல்லி. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இந்தத் தண்ணீரை ஊற்றுகிறவர்களையும் நான் தடுத்திருக்கிறேன். பெரிய கட்டடங்களில் இதைச் சேகரித்து, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவருக்கு அனுப்புவது புதிதல்ல, அங்கே குடிக்கும் கேள்வி எழுவதில்லை. இருபது வீட்டு ஏசிகளின் இருபது விதமான அழுக்கைச் சமாளித்துக் குடிநீராக்குவதுதான் தீர்க்க வேண்டிய சிக்கல். உணவுக்குத் தகுந்த பூச்சு அடித்த காயில், தேங்காத தட்டு, மாடிக்கு மாடி இறங்கும் ஒரே சேகரிப்புக் குழாய், கீழே பில்டர் வரிசை, அவ்வப்போது பரிசோதனை. 2003இல் மழைநீர்க் குழாயை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது ப்ளம்பர்கள் கற்றுக்கொள்ளவில்லையா? இதையும் கற்றுக்கொள்வார்கள்.

இயந்திரத்தைத் திருப்பி எடுக்க வந்த தம்பியிடம் சொன்னேன்: “உங்கள் பெட்டியில் பாதி தேவையில்லை. கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டு பில்டர் பாதியை மட்டும் கொடுங்கள், நான் இருபது ஏசியை இணைத்துக் காட்டுகிறேன்.” அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சார், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பெட்டி என்றால் இத்தனை விற்றோம் என்று முதலீட்டாளரிடம் காட்டலாம். குழாய் வேலை என்றால் யாரும் பணம் போட மாட்டார்கள்” என்றார். அந்தப் பதிலுக்காகவே அவருடைய நிறுவனம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முன்பணத்தையும் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

யாருக்கு இந்தப் பெட்டி பொருந்தும் என்றும் கேட்பார்கள். கேன் வராத, குழாய் வராத, ஆனால் மின்சாரம் தடையின்றி வரும் கடலோர இடம் ஏதாவது இருந்தால் பொருந்தும். சென்னைக்குள் அப்படி ஓர் இடத்தை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில், குடிப்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் செடிக்கும் தரை துடைக்கவும் என்று சேகரிப்புக் குழாய் போட மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். பதினொரு வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது மாடிக்காரர் மட்டும் மறுக்கிறார். அவர் வீட்டில் ஏசி கிடையாது. உங்கள் ஏசித் தண்ணீர்க் குழாய்க்கு நான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்கிறார். அவரிடம் மொட்டை மாடியில் முப்பது ரோஜாத் தொட்டிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமிருந்து பேச்சைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.